கூகைக்கு என்ன குறை? தோட்டத்தில் ஓர் உயிரையும் அதன் இருப்பிடத்தையும் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் மலேசியாவில், கோல சிலாங்கூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரே தெரு, இரண்டு பக்கமும் கடைகள், தெருக்கோடியில் மாரியம்மன் கோயில். கோயிலைத் தாண்டினால் செம்பனை (எண்ணெய்ப் பனை), ஊருக்குள் வரும் வழியிலும் செம்பனைதான். கோலாலம்பூரில் படிக்கும் என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது, "மாமா, இங்கே பார்க்க என்ன இருக்கு? எல்லாம் ஒரே மரம்" என்றான். தாமான் நெகாரா தேசியப் பூங்கா வரைக்கும் போய்ப் பறவை பார்த்துவிட்டு வந்தவன். அன்று இருட்டியதும் அவனை மோட்டோவில் ஏற்றிக்கொண்டு ரப்பர் ஷீட் உலர்த்திய பழைய புகைக்கூடம் பக்கம் போனேன். ஏழரை மணிக்கு வெள்ளை முகத்தோடு ஒரு கூகை சத்தமே இல்லாமல் எங்கள் தலைக்கு மேல் பறந்தது. அதன் பிறகு அவன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் இந்த வழிகாட்டி உருவானது.

படித்த பட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில் (மழையில் பேனா மை கரையும்), கைவிளக்கு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், பொறுமை. இவை போதும்.

முதலில் சில எச்சரிக்கைகள்

தோட்டத்துக்குள் நடப்பதற்கு முன் மண்டோரிடமோ (கங்காணி) அலுவலகத்திலோ சொல்லிவிட்டுப் போங்கள். குலை அறுக்கும் நிரையில் நிற்காதீர்கள். இருபது கிலோ குலை மேலேயிருந்து விழும்போது ஆள் பார்த்து விழாது. மட்டை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் நாகமும் மலைப்பாம்பும் படுத்திருக்கும், கையை விடாதீர்கள். அல்லூறு (வடிகால்) தண்ணீரில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். காலில் புண் இருந்தால் இன்னும் ஆபத்து. கூடு, முட்டை, குஞ்சு எதையும் தொட வேண்டாம். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தோட்டத்துக்குள்ளும் செல்லும்.

படி 1: ஒரே ஓர் உயிரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புதிதாக ஆரம்பிப்பவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் பட்டியல் போடுவார்கள். முப்பது பறவைப் பெயர் சேரும், ஒன்றைப் பற்றியும் ஒன்றும் தெரிந்திருக்காது. அதனால் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது அடிக்கடி கண்ணில் படவேண்டும், அல்லது எச்சம், இறகு, கடித்த தடம் என எதையாவது விட்டுப் போகவேண்டும். வெண்மார்பு மீன்கொத்தி, மரநாய், செம்பனைத் தண்டில் வளரும் பெரணி, காண்டாமிருக வண்டு எதுவானாலும் சரி. நான் கூகையை எடுத்துக்கொண்டேன். "சாக்குருவியப் போய்ப் பாக்கப் போறியா?" என்று எதிர்வீட்டுப் பாட்டி இன்றுவரை திட்டுகிறார்.

படி 2: இடத்தை அளந்துகொள்ளுங்கள்

அளவு நாடா எதற்கு? தோட்டமே ஒரு நாடா. செம்பனையை முக்கோண வடிவில், மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளி விட்டு நடுவார்கள். ஒரு நிரையில் பதினொரு இடைவெளி நடந்தால் கிட்டத்தட்ட நூறு மீட்டர். ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 140 மரம். சதுப்பு மண்ணில் கொஞ்சம் நெருக்கி நடுவதுண்டு, அதனால் ஒரு முறை காலடி வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் ஒரு பக்கத்துக்கு வரைபடம் போடுங்கள். நிரை, அல்லூறு, மட்டை அடுக்கு, மண் சாலை, லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை), கோயில், ஆறு, மிச்சமிருக்கும் கித்தா (ரப்பர்) காடு, மறுநடவு செய்த வெட்டவெளி எல்லாம் அதில் வரட்டும். இனிமேல் எதைப் பார்த்தாலும் இந்தப் படத்தில் ஒரு புள்ளி.

படி 3: இல்லாததையும் எழுதுங்கள்

இந்த வேலையின் உயிரே இந்தப் படிதான், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "இன்று பார்த்தேன்" என்று எழுதுவார்கள். "இன்று இந்த ஐந்து இடத்தில் தேடினேன், மூன்றில் இல்லை" என்று எழுதமாட்டார்கள். ஓர் உயிர் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அதற்கு என்ன தேவை என்று சொல்ல முடியாது. இருக்கிற இடத்தையும் இல்லாத இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பழகிக்கொள்ள ஓர் எளிய பயிற்சி. வயதான ஒரு செம்பனையையும் ஒரு பால்மரத்தையும் (கித்தா) பாருங்கள். செம்பனைத் தண்டு முழுக்கப் பெரணி தொங்கும். பால்மரத்தில் அப்படி இருக்காது. இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே வெயில். ஆனால் செம்பனையில் மட்டை வெட்டிய அடி தண்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கிண்ணத்தில் தூசி, இலைத்தூள், மழைத்தண்ணீர் சேர்ந்து மண்ணாகிவிடும். பால்மரப் பட்டை வழவழப்பானது, எதுவும் தங்காது. இன்னும் வயதான செம்பனையில் அந்த மட்டையடிகள் உதிர்ந்துபோகும். அங்கே பெரணி குறைகிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இருபது மரம் எண்ணினாலே விடை கிடைத்துவிடும்.

படி 4: என்ன குறை என்று கேளுங்கள்

ஓர் உயிர் வாழ இரை வேண்டும், தண்ணீர் வேண்டும், ஒளிய இடம் வேண்டும், பெருக இடம் வேண்டும். இவற்றில் மூன்று ஏராளமாக இருந்து ஒன்று இல்லையென்றால் அந்த உயிர் அங்கே இருக்காது. அந்த ஒன்று எது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

கூகையையே எடுத்துக்கொள்வோம். தீபகற்ப மலேசியாவில் அது அபூர்வப் பறவையாக இருந்தது. 1960களின் கடைசியில்தான் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அது குஞ்சு பொரித்தது பதிவானது. செம்பனையில் எலிக்குப் பஞ்சமில்லை. கட்டுப்படுத்தாமல் விட்டால் ஒரு ஹெக்டேரில் சில நூறு எலிகள் இருக்கும். பழுத்த பழத்தையும் தின்னும், இளங்கன்றின் குருத்தையும் தின்னும். அப்படியென்றால் கூகைக்கு விருந்துதானே? இரவில் திறந்த பாதைகள், ஓசையில்லாமல் பறக்க இடம், வேண்டிய அளவு எலி. ஆனாலும் கூகை பெருகவில்லை.

காரணம், கூகை கூடு கட்டாது. மரம் குடையவும் தெரியாது. ஏற்கெனவே இருக்கும் ஒரு பொந்தோ, கூரை மூலையோதான் அதற்கு வீடு. செம்பனைத் தண்டில் அப்படிப்பட்ட பொந்து விழாது. எங்கள் ஊரில் கூகை பழைய கித்தாப் புகைக்கூடத்தின் கூரையில் அடைந்தது இதனால்தான். பிறகு தோட்டங்களில் கம்பம் நட்டு மரப்பெட்டி வைக்க ஆரம்பித்தார்கள், ஐந்து முதல் பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில். கூகை வந்தது, தங்கியது, முட்டையிட்டது. யாரும் எலியைக் கூட்டவில்லை. இல்லாமல் இருந்தது ஒரு ஓட்டை, அதைக் கொடுத்தார்கள்.

இன்னொரு கதை என் அத்தை சொன்னது. எழுபதுகளில் அவர் இளம்பெண்ணாக இருந்தபோது பார்த்த வேலை, செம்பனைக்குத் தூள் அடிப்பது. ஆண் பூவின் மகரந்தத்தை டால்கம் பவுடரோடு கலந்து, ஊதும் குழாயில் போட்டு, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் அடிக்க வேண்டும். "வீட்டுக்கு வந்தா தலை முழுக்க வெள்ளை. ஐயருக்குத் திருநீறு மாதிரி" என்பார். செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். 1917இல் எங்கள் மாவட்டத்தில்தான், தென்னமரம் தோட்டத்தில், நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று நட்டார்கள். பெயரைக் கேட்டாலே எங்கள் ஆட்கள் வைத்த பெயர் என்று தெரியும். மரம் கடல் தாண்டி வந்தது, அதன் பூவுக்கு வரும் வண்டு வரவில்லை. மழையும் மண்ணும் பொருந்தின, மரம் வளர்ந்தது, பூத்தது, ஆனால் காய் பிடிப்பது குறைவு. அந்தக் குறையைப் பல ஆண்டுகள் பெண்களின் கைகள்தான் ஈடுகட்டின.

பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனுக்குப் போய், பூவில் மொய்க்கும் சின்ன மூக்கு வண்டுகளைக் கவனித்தார். மற்றப் பயிர்களை அவை தின்னுமா என்று சோதித்த பிறகு, 1981இல் ஜொகூரில் அந்த வண்டுகளை விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே தூள் அடிக்கும் வேலை ஒழிந்தது. அத்தை வெளிக்காட்டு வேலைக்கு மாறினார்.

இதை நீங்களே பார்க்கலாம். பூத்திருக்கும் ஆண் பூவை முகர்ந்து பாருங்கள், சோம்பு வாசனை அடிக்கும். வண்டு அங்கேதான் தின்கிறது, அங்கேதான் முட்டையிடுகிறது. பெண் பூ பூக்கும்போதும் கிட்டத்தட்ட அதே வாசனை வரும். வண்டு ஏமாந்துபோய் அங்கேயும் இறங்கும், உடம்பில் ஒட்டிய மகரந்தம் அங்கே உதிரும். பெண் பூவில் அதற்குக் கூலி ஒன்றும் கிடையாது. வாடிய ஆண் பூவுக்குள் வளரும் வண்டுப் புழுவை எலி தோண்டித் தின்னும். அந்த எலியைக் கூகை தின்னும். ஆக, 1981இல் விட்ட வண்டு கூகைக்கும் ஒரு வகையில் சோறு போடுகிறது.

படி 5: ஆளைப் பார்க்காமல் சாட்சியைப் பாருங்கள்

இரவுப் பிராணியை நேரில் பார்க்க முயன்றால் தூக்கம்தான் கெடும். பகலில் சாட்சி தேடுங்கள். கூகை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் கட்டைவிரல் தடிமனில் கருப்பு உருண்டையாகக் கக்கிவிடும். கூட்டுப் பெட்டிக்குக் கீழே, அடையும் கூரைக்கு அடியில் இவை கிடக்கும்.

நான் செய்யும் முறை இது. கையுறை போட்டு, ஒரு பையில் ஓர் உருண்டை என்று எடுத்து, தேதியும் இடமும் எழுதுவேன். வீட்டில் (சமையலறையில் வேண்டாம், நான் ஒருமுறை செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்) வெந்நீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு ஊறவைப்பேன். அரை மணி நேரத்தில் மயிர் இளகும். பல்குத்தும் குச்சியாலும் இடுக்கியாலும் பிரித்தால் மண்டையோடு, தாடை, இடுப்பெலும்பு எல்லாம் தனித்தனியாக வரும். மண்டையோட்டை எண்ணினால் எத்தனை எலி என்று தெரியும். மண்டையோடு உடைந்திருந்தால் கீழ்த்தாடைகளை எண்ணி இரண்டால் வகுங்கள். முன்பல் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் எலி. பறவை அலகு கிடைத்தால் தனியாக எழுதுங்கள். எலி குறைந்த மாதங்களில் அது கூடுகிறதா என்பது நல்ல கேள்வி. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

உருண்டைகள் திடீரென்று நின்றால் எலி மருந்து போட்டார்களா என்று விசாரியுங்கள். எங்களுக்கு அடுத்திருந்த ஒரு தோட்டத்தில் ஒரு வருடம் அப்படித்தான் ஆனது. புரோடிஃபாகும் போன்ற புதிய தலைமுறை மருந்து தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலிதான் கூகைக்குச் சுலபமான இரை. மருந்து எலி உடம்பிலிருந்து கூகை உடம்புக்குப் போய் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிய வைக்கும். அந்த வருடம் பெட்டிக்குக் கீழே இரண்டு கூகைகள் கிடந்தன. இரையும் இருந்தது, வீடும் இருந்தது. ஆனால் இரையே விஷமாகிவிட்டது.

படி 6: பருவத்துக்கொரு வீடு உண்டா என்று பாருங்கள்

முட்டை, புழு, கூட்டுப்புழு, வளர்ந்தது என்று மாறும் உயிர்களுக்கு ஒரு வீடு போதாது. எங்கள் மாவட்டத்தின் பெருமையான கம்போங் குவாந்தான் மின்மினிகளே நல்ல உதாரணம். சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் என்ற சதுப்பு மரத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து ஒன்றுபோல விட்டுவிட்டு மின்னும். படகில் போகும் எல்லோரும் அந்த மரத்தைத்தான் படம் பிடிப்பார்கள். அந்த மரம் கல்யாண மண்டபம் மாதிரி. ஆணும் பெண்ணும் சேரும் இடம். பிள்ளை வளர்வது வேறிடம், கரையில் ஈரமான தரையில், ரும்பியா, நீப்பா பனைகளின் நிழலில். அங்கே புழு சின்ன நத்தைகளை வேட்டையாடித் தின்று வளரும். மரத்தை மட்டும் காப்பாற்றிவிட்டு, கரைப் புதரைச் சுத்தம் செய்து செம்பனையோ வாழையோ வைத்தால், மண்டபம் இருக்கும், பிள்ளை இருக்காது.

பெரெம்பாங் பூ இரவில்தான் மலரும். அதன் தேனைத் தேடி வருவது தேன் வௌவால். பத்துமலையில் முருகனைப் பார்க்கப் போகிறோமே, அங்கே குகையில் அடையும் வௌவால் இனமும் அதில் ஒன்று. டுரியான் பூவுக்கும் அதுதான் வேலைக்காரன். கடற்கரைப் பக்கத்துச் சதுப்பு மரத்தை வெட்டினால் உள்நாட்டு டுரியானுக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசித்த அன்று டுரியான் விலையை நினைத்துக்கொண்டேன், அது வேறு கதை.

நீங்கள் எடுத்துக்கொண்ட உயிருக்கு நோட்டில் பருவத்துக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். எந்த வரி காலியாக இருக்கிறதோ அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது.

படி 7: பகை யார்?

பகை இல்லாமல் போனதால் செழித்த உயிரும் உண்டு, நம் முன்னோரை இங்கே கூட்டிவந்த பால்மரம்தான் அது. அமேசான் காட்டு மரம். 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. சொந்த ஊரான அமேசானில் பால்மரம் காட்டுக்குள் தள்ளித் தள்ளித்தான் வளரும். நெருக்கி நட்டால் இலைக்கருகல் பூஞ்சை மரத்துக்கு மரம் தாவிக் கொன்றுவிடும். ஹென்றி ஃபோர்டு 1928இல் பிரேசிலில் பெரிய தோட்டம் போட்டு, கடைசியில் 1945இல் கைவிட்டதற்கு அந்தப் பூஞ்சை ஒரு முக்கியக் காரணம். இங்கே அந்தப் பூஞ்சை வந்து சேரவில்லை. அதனால்தான் நிரை நிரையாக நட முடிந்தது, லயங்கள் எழுந்தன, நாமும் இங்கே இருக்கிறோம்.

பகைக்கும் நேரம் உண்டு. பகலில் காக்கை கூகையை விரட்டும் என்பது நம்மவர்களுக்குப் பழைய பாடம். எங்கள் புகைக்கூடத்துக் கூகை ஒரு நாள் பகலில் வெளியே வந்துவிட்டது, ஏழெட்டுக் காக்கைகள் கூடிக் கத்தி அதைத் திரும்ப உள்ளே ஓட்டின. அந்தக் காக்கையும் நம்மைப்போல் கப்பலில் வந்ததுதான். 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்ன இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். காப்பி போய்விட்டது, காக்கை போகவில்லை.

படி 8: நாள்காட்டியும் மறுநடவும்

குறைந்தது ஓர் ஆண்டு தொடருங்கள். வருடத் தொடக்கத்து வறட்சியில் கித்தா இலை உதிர்க்கும், தரையில் திடீரென்று வெயில் விழும், அங்கே இருந்த நிழல் பிராணிகள் இடம் மாறும். மழைக்காலத்தில் அல்லூறு நிறைந்தால் எலி மேட்டுக்கு ஏறும்.

அதைவிடப் பெரிய மாற்றம் மறுநடவு. செம்பனையை 25 ஆண்டு வாக்கில் சாய்த்துவிடுவார்கள். சாய்த்த தண்டு மக்கும்போது அதில்தான் காண்டாமிருக வண்டின் புழு வளரும். வளர்ந்த வண்டு இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். குருத்து விரிந்த பிறகு மட்டையில் கத்திரியால் முக்கோணமாக வெட்டியதுபோல் தெரியும். அந்த வெட்டை எண்ணினால் வண்டைப் பார்க்காமலேயே வண்டைப் படிக்கலாம். தண்டைச் சிறுசிறு சீவலாக்கிப் பரப்பினாலும், தரையை மூட வளர்க்கும் மூடுகொடி தண்டின் மேல் சீக்கிரம் படர்ந்தாலும் வண்டுக்கு முட்டையிட இடம் குறையும். கொடி படர்ந்த நிரையையும் படராத நிரையையும் ஒப்பிட்டு எண்ணுங்கள். படி 3இல் செய்த அதே வேலைதான்.

படி 9: முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள்

நோட்டு பாதி நிறைந்ததும் ஒரு யூகம் எழுதுங்கள். தேதி போட்டு, பிறகு மாற்றாதபடி பேனாவால் எழுதுங்கள். "இந்த இடத்தில் இது இருக்கும், ஏனென்றால் இன்னது இருக்கிறது." அப்புறம் போய்ப் பாருங்கள்.

எங்கள் தோட்டத்தில் புதிதாக மூன்று கூகைப் பெட்டி வைத்தபோது நானும் எழுதினேன். மூன்றாவது பெட்டி அல்லூறு ஓரம், எலித் தடம் அதிகம், காக்கை கூட்டம் இல்லை, அதனால் முதலில் நிறைவது அதுதான் என்று அழுத்தம் திருத்தமாக எழுதினேன். மண்டோர் அண்ணன் படித்துவிட்டு, "பாப்போம் தம்பி" என்றார்.

ஆறு வாரம் கழித்து முதல் பெட்டிக்கு அடியில் கருப்பு உருண்டைகள் கிடந்தன. இரண்டாவது காலி. மூன்றாவதின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது உள்ளேயிருந்து ஒரு இரைச்சல் கேட்டது. கைவிளக்கை அடித்தேன். வாசல் ஓட்டை முழுக்கத் தேனீ. செம்பனையில் பொந்து இல்லாதது கூகைக்கு மட்டுமா குறை? "ஓடு தம்பி!" என்று மண்டோர் அண்ணன் கத்தினார். இரண்டு கொட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, யூகத்துக்குக் கீழே எழுதினேன்: பெட்டி 3, தேனீ.